டேகேரும் குழந்தையின் பேச்சும்: கேட்டில் நின்று கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூர் சரவணம்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு டேகேர் நடத்துகிறேன். 12 வருடம் ஆகிறது. 6 மாதக் குழந்தையிலிருந்து 4 வயதுவரை 22 பேர். ஆயாம்மாக்கள் 4 பேர், அப்புறம் நான். சாயங்காலம் பிள்ளையை அழைத்துப் போக வருகிறவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்கள். பாதிக்கு மேல் பேச்சைப் பற்றியதாகத்தான் இருக்கும். நின்றவாக்கில் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. பின்னால் வண்டி ஹாரன் அடிக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் டாக்டரும் இல்லை, பேச்சுப் பயிற்சியாளரும் இல்லை. அவர்களிடம் போக வேண்டிய நேரம் எது என்பதைப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

டேகேர்ல விட்டா சீக்கிரம் பேச்சு வந்துடும்னு சொல்றாங்களே, நிஜமா?

விட்டால் மட்டும் வராது. அங்கே இருக்கும் பெரியவர் உங்கள் குழந்தையோடு எவ்வளவு பேசுகிறார், குழந்தை ‘ம்’ என்றால்கூட அதை மதித்துப் பதில் சொல்கிறாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவில் 1991இல் தொடங்கி, 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அரசு ஆய்வு ஒன்று உண்டு. அம்மாவிடமே வளர்ந்ததா, வெளியே விடப்பட்டதா என்பது மட்டும் பேச்சில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. வெளியே விடப்பட்ட குழந்தைகளுக்குள், பார்த்துக்கொள்பவர் நிறையப் பேசிய, கேள்வி கேட்ட, பதில் சொன்ன இடங்களில் இருந்தவர்கள் மொழியில் கொஞ்சம் முன்னே இருந்தார்கள். அதைவிட வீட்டின் பங்கு பெரியது என்பதும் அதே ஆய்வில் வந்ததுதான். “உங்களால்தான் பேசினான்” என்று எனக்குச் சேலை வாங்கிவந்த பாட்டியிடமும் இதைச் சொன்னேன். சேலையை வாங்கிக்கொண்டேன், அது வேறு விஷயம்.

அப்போ நாள் பூரா அங்க என்னதான் பண்றீங்க? கார்டு காட்டி வார்த்தை சொல்லிக்கொடுப்பீங்களா?

ஒரு மதியச் சாப்பாட்டைச் சொல்கிறேன். ஒன்றே முக்கால் வயதுப் பெண், ரசஞ்சாதம். ஊட்டிக்கொண்டிருந்த ஆயாம்மா அப்பளத்தைக் கையில் எடுத்தார், கொடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கையை நீட்டினாள். “என்ன வேணும் கண்ணு?” பதில் இல்லை. ஆயாம்மா சும்மா இருந்தார். மனதுக்குள் ஐந்து எண்ணும் நேரம். “அப்பா” என்றாள். “அப்பளமா? அப்பளம் வேணுமா? இந்தா அப்பளம். கடிச்சுப் பாரு, நொறுநொறுன்னு இருக்கா?” கடித்துவிட்டு “நொந்நொ” என்றாள். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். சாப்பாடு முடியும்வரை ‘நொந்நொ’தான்.

எங்கள் வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். டயப்பர் மாற்றும்போது, கை கழுவும்போது, செருப்பு ஜோடி தேடும்போது, கேட்டில் மாடு வந்து நிற்கும்போது இதே மாதிரி நாலு வாய்ப் பேச்சு, நாள் முழுக்க. இதில் கஷ்டமான பகுதி அந்த ஐந்து எண்ணுவது. புதிதாக வரும் ஆயாம்மாக்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கப் படாதபாடு படுவது அதற்குத்தான். நல்ல மனசுக்காரர்கள், குழந்தை வாய் திறப்பதற்குள் கொடுத்துவிடுவார்கள்.

கார்டு கிடையாது. படப் புத்தகம் உண்டு, ஆனால் ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத்தான், மடியில் வைத்து. குழந்தையின் விரல் எந்தப் படத்துக்குப் போகிறதோ அதைப் பற்றித்தான் பேச்சு. “இது என்ன? இது என்ன?” என்று வரிசையாகக் கேட்டால் அது பரீட்சை. பரீட்சை வைத்தால் பெரியவர்களுக்கே பேச்சு வராது.

ஆறு மாசக் குழந்தைக்கு என்னங்க புரியப்போகுது, அதுகிட்ட என்ன பேசுறது?

2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம் பேறுகால விடுப்பு. அது முடிந்ததும் அம்மாக்கள் வேலைக்குத் திரும்புகிறார்கள். குழந்தைக்கு அப்போது ஏறக்குறைய ஆறு மாதம். அதனால் இந்த வயதுக்காரர்கள் என்னிடம் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். சொல் புரியாது, சரி. ஆனால் குரல் புரிகிறது, முறை புரிகிறது. நான் ‘அங்கூ’ என்றால் அது கொஞ்ச நேரம் என் வாயைப் பார்த்துவிட்டு ‘ங்கூ’ என்கிறது. நான் நிறுத்தினால் அது தொடங்குகிறது. நான் பேச, நீ பேச என்ற அந்த ஒழுங்கு சொல் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடுகிறது.

நம் பாட்டிமார்கள் குரலை உயர்த்தி, இழுத்து, “யா…ரு இது? யா…ரு வந்திருக்கா?” என்று கொஞ்சுவார்களே, அது வெட்டிக் கொஞ்சல் இல்லை. அப்படி இழுத்துப் பேசுவதைக் குழந்தைகள் கூடுதலாகக் கவனிக்கிறார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்களே சொல்கிறார்கள்.

எந்த வயசுல எவ்வளவு பேசணும்? ஒரு கணக்கு சொல்லுங்க.

கணக்காகப் பிடித்துக்கொள்ளாதீர்கள், உத்தேசமாகத்தான். 9 மாதம் வாக்கில் ‘பபப’, ‘தததா’ என்று அடுக்குவது, பெயர் சொன்னால் திரும்புவது. ஒரு வயதையொட்டி டாட்டா காட்டுவது, வேண்டியதை நோக்கி விரல் நீட்டுவது, ஒன்றிரண்டு சொல். ஒன்றரை வயதில் பத்துச் சொல் அளவுக்கு. “செருப்பை எடுத்துட்டு வா” என்றால் போய் எடுத்துவருவது. 2 வயதில் 50 சொல், இரண்டைச் சேர்ப்பது: ‘அம்மா வா’, ‘பால் வேணாம்’. 3 வயதில் சின்னச் சின்ன வாக்கியம். வெளியாளுக்கும் முக்கால்வாசி புரிய வேண்டும்.

சொல் என்றால் முழுச் சொல் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் நாயைப் பார்த்து ‘பௌபௌ’ என்றால் அது ஒரு சொல். ‘தத்தி’ தண்ணீருக்கு என்று நிலைத்துவிட்டால் அதுவும் சொல். இன்னொன்று, வாயால் வருவதைவிட முதலில் பார்க்க வேண்டியது புரிகிறதா, விரல் நீட்டுகிறதா என்பதை. பேசாமல் இருந்தாலும் கையைப் பிடித்து இழுத்துப்போய், காக்காயைக் காட்டி, உங்கள் முகத்தையும் திரும்பிப் பார்க்கிற குழந்தை ஏற்கெனவே பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டுதான் இருக்கிறது.

பையன்னா லேட்டாத்தான் பேசுவான்னு மாமியார் சொல்றாங்க. அவங்க பையனே மூணு வயசுலதான் பேசினாராம்.

மாமியார் சொல்வதில் ஓர் இம்மியளவு உண்மை உண்டு. சராசரியாகப் பார்த்தால் ஆண் குழந்தைகள் கொஞ்சம் பிந்துகிறார்கள். கொஞ்சம்தான், ஒரு வருடம் இல்லை. மேலே சொன்ன உத்தேசக் கணக்கு இருவருக்கும் பொது.

அப்பா தாமதமாகப் பேசினார் என்பதை எல்லோரும் ஆறுதலாகச் சொல்கிறார்கள். நான் அதைத் தலைகீழாக எடுத்துக்கொள்வேன். குடும்பத்தில் அப்படி இருந்தால் குழந்தைக்கும் தாமதம் வர வாய்ப்புக் கூடுதல். ஆகவே முன்கூட்டியே ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. அத்தையம்மாவிடம் சண்டை போட வேண்டாம். “காது மட்டும் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறோம் அத்தை” என்று சொன்னால் யாரும் தடுக்கமாட்டார்கள்.

நாக்குல வசம்பு தேய்ச்சா பேச்சு வரும்கிறாங்க. தேன்?

வசம்பால் பேச்சு வராது. பச்சைக் குழந்தையின் வயிற்றுக்கு அது நல்லதும் இல்லை. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதிலிருந்து வரக்கூடிய ஒரு கிருமியின் நச்சு கைக்குழந்தையை முடக்கிப்போட்டுவிடும். நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறது என்று சிலருக்குச் சந்தேகம். அது பால் குடிக்க இடைஞ்சல் செய்யலாம், ஒன்றிரண்டு ஒலிகளைத் தொந்தரவு செய்யலாம். சொல்லே வராமல் போவதற்கு அது காரணமாக இருப்பதில்லை.

நாமளும் மழலையிலயே ‘மம்மு’, ‘தாச்சி’ன்னு பேசலாமா, இல்ல சுத்தமா பேசணுமா?

‘மம்மு’ நம் மொழியின் சொல்தான். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைக்கென்றே வைத்திருக்கிறோம், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் குழந்தை தன் பாட்டுக்குச் சிதைத்துச் சொல்வதை நீங்களும் திருப்பிச் சொல்ல வேண்டாம். அது ‘லயில்’ என்றால் “ஆமா, ரயில்! ரயில் போகுது பார்” என்று சரியான சொல்லை உங்கள் வாயில் வரவைத்துவிட்டு மேலே போங்கள். “லயில் இல்ல, ரயில், எங்க சொல்லு? ரயில்!” என்று பிடித்துவைத்துத் திருத்தினால் அடுத்த முறை ரயில் போகும்போது விரலை மட்டும் நீட்டும்.

நாலு வயசாகுது, ‘ர’வும் ‘ழ’வும் வரலையே?

தமிழில் கடைசியாகப் பழகும் ஒலிகள் இவைதான். 4 வயதில் ‘வாளப்பளம்’ என்றால் கவலை வேண்டாம். மதுரை, திருநெல்வேலிப் பக்கம் பெரியவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள், சென்னையில் ‘வாயப்பயம்’. அந்த வயதில் குழந்தை சொல்வதில் பாதிக்குமேல் வெளியாளுக்குப் புரியவில்லை என்றால் அதுதான் கவனிக்க வேண்டியது.

வீட்ல தமிழ், டேகேர்ல இங்கிலீஷ், பக்கத்து வீட்ல ஹிந்தி. குழந்தை குழம்பிடாதா? அதனாலதான் லேட்டாகுதோ?

இல்லை. இரண்டு மூன்று மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. எங்கள் கொங்கு நாட்டில் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசி, வாசலைத் தாண்டினால் தமிழ் பேசுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். யார் குழம்பிப்போனார்கள்? சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். தமிழில் 30, மலையாளத்தில் 25 என்றால் அது 55 சொல் தெரிந்த குழந்தை. ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவதும் குழப்பமில்லை. கையில் எது கிடைக்கிறதோ அதை வைத்து வேலையை முடிக்கிறது. நீங்களும் நானும் அதைத்தான் செய்கிறோம்.

ஆனால் ஒரு மொழிக்கு வேண்டிய அளவு பேச்சு அந்த மொழியில் கிடைக்க வேண்டும். தாத்தா பாட்டியிடம் தெலுங்கு வர வேண்டும் என்றால் யாராவது தெலுங்கில் தினமும் பேசத்தான் வேண்டும். பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது மட்டும் போதாது.

மிஸ், இங்கிலீஷ்லயே பேசச் சொல்லுங்க ஆயாம்மாவ. இப்பவே பழகினாத்தானே எல்.கே.ஜி. இன்டர்வியூவுக்கு ஆகும்?

இதில் நான் பிடிவாதக்காரி. இந்த ஒரு காரணத்துக்காக என்னிடமிருந்து பிள்ளையை மாற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு. எங்கள் ஆயாம்மா அன்னூர்க்காரர். தமிழில் பேசவிட்டால், வீட்டுக் கோழி அடைகாத்தது, முட்டையைப் பாம்பு தின்றது, நாய் துரத்தியது என்று அரை மணி நேரம் சொல்வார். ‘ஏன்’, ‘எப்படி’, ‘அப்புறம்’ எல்லாம் அதில் வந்துவிடும். இங்கிலீஷில் பேசச் சொன்னால் மிஞ்சுவது ‘கம் கம், சிட் சிட், ஈட் ஃபாஸ்ட், டோன்ட் க்ரை’. எல்லாம் கட்டளை. 8 மணி நேரம் கட்டளை மட்டும் கேட்கும் குழந்தைக்கு எந்த மொழியும் வளராது.

பேசுகிறவருக்கு எந்த மொழி தடங்கலில்லாமல் வருகிறதோ அந்த மொழிதான் குழந்தைக்கு லாபம். இங்கிலீஷ் சரளமாகப் பேசுகிறவர் இருந்தால் அவர் இங்கிலீஷில் பேசட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. தமிழில் கதை சொல்லத் தெரிந்த குழந்தை பள்ளியில் இங்கிலீஷைப் பிடித்துக்கொள்கிறது. அடிப்படையில் ஒரு மொழிகூடத் திடமில்லாத குழந்தைதான் இரண்டிலும் தடுமாறுகிறது.

வீட்ல வாய் ஓயாம பேசுறா. இங்க சேர்த்து மூணு வாரமாச்சு, ஒரு வார்த்தை பேசலைன்னு சொல்றீங்க. ஏதாவது பயப்படறாளா?

புது இடம், புது முகம், பல சமயம் புது மொழியும்கூட. சில குழந்தைகள் முதல் சில வாரம், மொழியே புதிது என்றால் சில மாதம்கூட, பேசாமல் கவனித்துக்கொண்டிருக்கும். ராஞ்சியிலிருந்து வந்த ஒரு பையன் இரண்டரை மாதம் வாய் திறக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு மணி அடித்தால் முதலில் கை கழுவப் போவான், பாட்டுக்குக் கை அசைப்பான். ஒருநாள் இன்னொரு பையன் அவன் வண்டியைப் பிடுங்கினான். “ஏய், என்னுது! குடு!” சுத்தமான தமிழ். ஆயாம்மாக்கள் கைதட்டிவிட்டார்கள், பாவம், மறுபடி இரண்டு நாள் வெட்கத்தில் பேசவில்லை.

இந்தக் காலத்தில் “பேசு பேசு” என்று கேட்கக் கூடாது. நாங்கள் பேசிக்கொண்டே இருப்போம், தலையாட்டினால் போதும். புரிந்துகொள்கிறதா, விளையாட்டில் சேர்கிறதா என்று பார்ப்போம். வீட்டில் நன்றாகப் பேசிக்கொண்டு, இங்கே பல மாதம் தாண்டியும் ஒரு சொல்கூட இல்லை, பதற்றமும் தெரிகிறது என்றால் அது வேறு. அதற்குக் குழந்தை மனநலம் பார்க்கும் டாக்டர் வேண்டும்.

ரைம்ஸ் வீடியோ பார்த்தே ஏ பி சி டி, கலர், பழம் பேரெல்லாம் சொல்றான். ஆனா தண்ணி வேணும்னு கேட்கத் தெரியல. ஏன்?

வீடியோ அவனைத் தண்ணீர் கேட்கவைக்கவில்லை, அதனால். அது பேசிக்கொண்டே போகிறது, இவன் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும். ஒப்பிப்பது வருகிறது, உரையாடுவது வரவில்லை.

சியாட்டிலில் பாட்ரிசியா கூல் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இங்கிலீஷ் வீட்டில் வளரும் 9 மாதக் குழந்தைகளில் சிலரோடு சீனமொழிக்காரர் நேரில் உட்கார்ந்து 12 தடவை பேசி விளையாடினார். வேறு சிலருக்கு அதையே டி.வி.யில் காட்டினார்கள். நேரில் கேட்டவர்கள் சீன ஒலிகளைப் பிரித்தறியப் பழகினார்கள், டி.வி. பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. 2 வயதுக்கு முன் திரையே வேண்டாம், அதற்குமேல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஊரிலிருக்கும் தாத்தாவிடம் வீடியோ காலில் பேசுவது இதில் சேராது. தாத்தா பதில் சொல்கிறார் அல்லவா?

அத்தனை குழந்தைங்க இருக்கறப்போ ஒண்ணைப் பார்த்து ஒண்ணு கத்துக்கும்தானே? கும்பல்தான நல்லது?

3 வயதுக்கு மேல், ஆமாம். கடைக்காரர்–வாங்குபவர் விளையாட்டில் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டால் நமக்கே ஆச்சரியமாக இருக்கும். அதற்குக் கீழே இருப்பவர்கள் அருகருகே விளையாடுகிறார்கள், ஒருவரோடு ஒருவர் இல்லை. இரண்டு ஒன்றரை வயதுக்காரர்களை ஓர் அறையில் விட்டால் பேச்சு வளராது, ஒருவர் தலைமுடி இன்னொருவர் கையில் இருக்கும். பேச்சை இழுத்துப்போக அங்கே ஒரு பெரியவர் வேண்டும். பெரியவர் ஒருவருக்கு 15 குழந்தைகள் என்றால் அவருக்குப் பேச நேரமில்லை. மூக்கு துடைக்கத்தான் நேரம்.

என் பையன் கடிக்கிறான்னு தினம் கம்ப்ளைன்ட் வருது. இதுக்கும் பேச்சுக்கும் சம்பந்தம் உண்டா?

பெரும்பாலும் உண்டு. ‘எடுக்காதே’, ‘என்னுது’, ‘தள்ளு’ என்ற மூன்று சொல்லும் இல்லாத இடத்தில் பல் பேசுகிறது. சொல் வரவரக் கடி குறைவதை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். கடித்ததும் திட்டுவதோடு நிறுத்தாமல், அந்த இடத்துக்கு வேண்டிய சொல்லை அவன் வாயில் போட்டுவிடுங்கள்: “குடுன்னு கேளு. கு-டு.”

டேகேர் தேடிட்டு இருக்கோம். பேச்சு நல்லா வளரணும்னா எதைப் பார்த்துச் சேர்க்கறது?

சுவரில் இருக்கும் கார்ட்டூனைப் பார்க்காதீர்கள். உள்ளே போகுமுன் கதவோரம் இரண்டு நிமிடம் நின்று காதைக் கொடுங்கள். என்ன கேட்கிறது? பெரியவர்கள் குழந்தைகளிடம் பேசும் குரலா, பெரியவர்கள் தங்களுக்குள் பேசும் குரலா, ஸ்பீக்கரில் ரைம்ஸா? டி.வி. பின்னணியில் சும்மா ஓடினாலே பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவது குறைந்துவிடுகிறது. குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுகிறார்களா? “உஷ், கப்சிப்” எத்தனை முறை? கப்சிப் என்று இருக்கும் டேகேரைப் பார்த்து மெச்சிவிடாதீர்கள்.

அப்புறம் ஆள் கணக்கு. மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால் சமையல்காரரையும் சேர்த்துச் சொல்வார்கள். “ஒன்றரை வயதுக் குழந்தைகளோடு இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்?” என்று கேளுங்கள். என்னிடம் 2 வயதுக்கு உட்பட்ட 6 பேருக்கு 2 ஆயாம்மா. அதற்குமேல் குறைத்தால் பேச்சு படுத்துவிடுகிறது. அதனால்தான் என் ஃபீஸ் பக்கத்துத் தெரு டேகேரைவிடக் கூடுதல். ஒரே ஆயாம்மா எத்தனை மாதமாக இருக்கிறார் என்றும் கேளுங்கள். ‘தத்தி’ என்றால் தண்ணீர் என்று தெரிந்தவர் போய்ப் புதியவர் வந்தால், குழந்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன்: எதிரொலி. டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், தகரக் கூரை உள்ள ஹாலில் 20 குழந்தைகள் கத்தினால் எந்தச் சொல்லும் தெளிவாகக் காதில் விழாது. எங்கள் ஹாலும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஜமுக்காளம் விரித்து, ஜன்னலுக்குப் பருத்தித் திரை போட்ட பிறகு நாங்களே கத்துவதைக் குறைத்துவிட்டோம்.

தனியார் டேகேருக்குக் கட்டுப்படியாகாது. பால்வாடியில விட்டா போதுமா?

அங்கன்வாடிகள் 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வந்தவை. தமிழ்நாட்டில் 54,000க்கும் மேல் இருக்கின்றன. சத்துணவு, எடை பார்ப்பதோடு பாட்டு, கதை, விளையாட்டுவழிக் கல்வியும் அவர்கள் வேலை. நடத்துகிறவர் அந்தத் தெருக்காரராகவே இருந்தால் அது பெரிய பலம். குழந்தையின் ஆத்தா யார், ஆடு எத்தனை என்றுகூடத் தெரியும், பேச்சுக்குப் பஞ்சமில்லை. குறை என்று பார்த்தால், பதிவேடு எழுதுவது, கணக்கு அனுப்புவது என்று அவர் தலையில் அவ்வளவு வேலை. முந்தின கேள்வியில் சொன்ன மாதிரி இங்கேயும் கதவோரம் நின்று காதைக் கொடுத்துப் பாருங்கள். தனியார், அரசு என்பதில் ஒன்றுமில்லை.

இங்க சேர்த்ததிலிருந்து மாசம் ஒரு சளி. இப்போ கூப்பிட்டா திரும்பமாட்டேங்கிறான், டி.வி. சத்தம் கூட்டச் சொல்றான்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். டேகேரில் சேர்ந்த முதல் வருடம் சளி அதிகமாக வரும், அதோடு காதும் பாதிக்கப்படும். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டால் வலியே இருக்காது, காய்ச்சலும் இருக்காது, ஆனால் காதில் விரல் வைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி இருக்கும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக வடிந்துவிடும். வடியாமல் நின்றாலும், அடிக்கடி வந்தாலும் அந்த வயதில் பேச்சைப் பாதிக்கும். காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு தடவை பார்த்தால் தெரிந்துவிடும். எங்களுக்கும் சொல்லுங்கள், அவனை ஆயாம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, முகம் பார்த்துப் பேசுவோம்.

நல்லா பேசிட்டிருந்தவ திடீர்னு ‘நா… நா… நான்’னு திக்குறா. யாரையாவது பார்த்துப் பழகிட்டாளா?

பார்த்துப் பழகுவதில்லை. இரண்டரை வயது முதல் நாலு வயதுக்குள் சொல்ல வேண்டியது நிறைய வந்து, வாய் பின்தங்கும்போது பல குழந்தைகள் இப்படித் திக்குகிறார்கள். பெரும்பாலோருக்குத் தானே போய்விடுகிறது. “மெதுவா சொல்லு, மூச்சு விட்டுச் சொல்லு” என்று சொல்லாதீர்கள். வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். முகத்தைப் பார்த்துப் பொறுமையாகக் கேளுங்கள், நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை, முகம் இறுகுகிறது, பேசவே தயங்குகிறாள், குடும்பத்தில் யாருக்காவது திக்கல் நிலைத்திருக்கிறது என்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் போங்கள்.

எப்போ டாக்டர்கிட்ட போகணும், எங்க போகணும்? இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?

ஒரு வயதில் விரல் நீட்டுவதோ டாட்டாவோ இல்லை. 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை. 2 வயதில் தானாக இரண்டு சொல் சேர்க்கவில்லை. பெயர் சொன்னால் திரும்புவதே இல்லை. இதில் எது இருந்தாலும் பார்த்துவிடுங்கள். வந்த சொற்கள் நின்றுபோனால் எந்த வயதானாலும் உடனே. முதல் சோதனை காதுக்கு. “சத்தம் போட்டா திரும்புறான்” என்பது சோதனை இல்லை. கதவு சாத்தும் சத்தம் கேட்கும் குழந்தைக்கு ‘ச’வும் ‘ப’வும் கேட்காமல் இருக்கலாம்.

செலவுக்குப் பயந்து தள்ள வேண்டாம். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வந்து பார்க்கின்றன. அங்கிருந்து மாவட்ட அளவிலான ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு, அதாவது குறையைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துக் கவனிக்கும் இடத்துக்கு, அனுப்புவார்கள். அரசு ஆஸ்பத்திரியில் அதன் இங்கிலீஷ் சுருக்கமான ‘டி.இ.ஐ.சி.’ என்று கேட்டால் வழி சொல்வார்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பிறவியிலேயே காது கேட்காத சின்னக் குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் ஆபரேஷன், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்யப்படுகிறது. அது எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவுக்குப் பேச்சு வரும். அதனால்தான் ‘இன்னும் கொஞ்ச நாள்’ என்பது எனக்குப் பிடிக்காத வார்த்தை.

நாள் பூரா உங்ககிட்டதான இருக்கான், நீங்க ஏன் முன்னாடியே சொல்லல?

இதை ஓர் அம்மா அழுதுகொண்டே கேட்டார். அவர் கேட்டது சரி. அந்தக் குழந்தை தன் பெயருக்குத் திரும்பாததை நான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு கஷ்டப்படுவார்களே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வழக்கத்தை மாற்றிவிட்டோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, குழந்தை புதிதாகச் சொன்னது, சொல்லாதது, திரும்பியது, திரும்பாதது எல்லாம் நோட்டில் எழுதி, உட்காரவைத்துப் படித்துக் காட்டுகிறேன். நோய்ப் பெயர் எதுவும் சொல்லமாட்டேன், அது என் வேலை இல்லை. பார்த்ததை மட்டும் சொல்வேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

ஆறரைக்குத்தான் வர்றோம், எட்டரைக்குத் தூங்கிடுது. எங்களுக்குன்னு என்ன நேரம் இருக்கு?

குளிக்கவைக்கிறீர்கள், ஊட்டுகிறீர்கள், துணி மாற்றுகிறீர்கள். அப்பளக் கதையில் சொன்னதுதான். அந்த இரண்டு மணி நேரம் போதும், போன் வேறு அறையில் இருந்தால். “இன்னிக்கு என்ன பண்ணுன?” என்று மட்டும் கேட்காதீர்கள், ஒன்றும் வராது. கேட்டில் ஆயாம்மாவிடம் ஒரு வரி வாங்கிக்கொண்டு போங்கள்: “இன்னிக்கு ஹாலுக்குள்ள தவளை வந்துச்சு.” வீட்டில் போய் “தவளை வந்துச்சாமே? எங்க போய் ஒளிஞ்சுது?” என்று ஆரம்பித்தால் தூங்கும்வரை நிற்காது.

கோவிச்சுக்காதீங்க மிஸ். இதெல்லாம் உங்க டேகேர்ல தினமும் நடக்குதா?

தினமும் இல்லை. ஆடி நோம்பிக்கு இரண்டு ஆயாம்மா லீவு போட்டுவிட்டால் அன்று ஐந்தும் எண்ணமாட்டோம், மூன்றும் எண்ணமாட்டோம். ஊட்டித் தூங்கவைத்தால் போதும் என்றிருக்கும். மற்ற நாட்களில் நடக்கிறதா என்று என் வாயால் கேட்டு என்ன பிரயோசனம்? பதினொன்றரைக்குச் சாப்பாடு. சொல்லாமல் வந்து கதவோரம் நில்லுங்கள். உங்கள் பிள்ளை கண்ணில் மட்டும் பட்டுவிடாதீர்கள், அப்புறம் அன்றைக்கு யாரும் சாப்பிட முடியாது.